நூலகத்தில் ஐம்பத்தெட்டுப் பெண்கள்

தண்டையார்பேட்டை,
9-2-1955

அன்பு மகள் ஜெரினாவுக்கு உன் உம்மா சலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. இறைவன் கருணையால் நானும் உன் வாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் மருமகன் ஜாபரும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை, வாப்பா ஜும்ஆவுக்குப் புறப்படுகிற நேரத்தில் வந்தது. பினாங்கில் சாயங்காலமானால் மழை கொட்டுகிறது, மாடி அறையில் துணி காய மாட்டேன் என்கிறது, பக்கத்து அறைச் சீனத்து அம்மாள் அன்னாசிப்பழம் நறுக்கிக் கொடுத்தாள், பேச்சு புரியாமல் இருவரும் சிரித்துக்கொண்டே நின்றீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். வெங்காயம் மடித்து வந்த தமிழ்ப் பத்திரிகைத் தாளை நீவி வைத்து அதிலிருந்த பாதிக் கதையை நான்கு தரம் படித்தேன் என்று எழுதிய இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதேன் என்று நினைக்காதே, அந்தப் பசி எனக்குத் தெரிந்த பசி, அதனால்தான். ஈரத் துணியை அடுப்புப் பக்கம் கட்டி உலர்த்தாதே, தீப்பிடித்தால் மாடியிலிருந்து இறங்க வழியிருக்கிறதா என்று முதலில் பார்த்து வைத்துக்கொள். அன்னாசி சூடு, தினமும் தின்ன வேண்டாம். சீனத்து அம்மாளுக்கு நம் வீட்டுத் தேங்காய்ப் பணியாரம் ஒரு தரம் செய்து கொடு, சிரிப்பை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதாது.

இது யார் கையெழுத்து என்று திகைத்திருப்பாய். வாப்பா எழுதவில்லை, அவருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் தெரியாது. காசு கொடுத்து யாரையும் எழுதச் சொல்லவுமில்லை. என் கைதான் அம்மா. நீ போய் இந்த மூன்று வருஷமும் அரபு எழுத்தில் தமிழை எழுதித்தானே உனக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஐந்தாறு மாதமாகவே எழுத வரும், ஆனால் ஒரு காரியம் முடியட்டும் என்று உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன். காரியம் ஜெயமாக முடிந்துவிட்டது, இனி எல்லாவற்றையும் சொல்லலாம். நீ அங்கே சேர நினைக்கிற பள்ளிக்கூடத்து வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாயே, தலைமையாசிரியர் இந்த மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார் என்று, அதற்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது, பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பழவேற்காட்டில் எங்கள் காலத்தில் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், பெண்பிள்ளைகளுக்கு ஓதுவதற்கு அரபு எழுத்து மட்டும். ஆனால் அந்த எழுத்திலேயே நம் தமிழை எழுதி அச்சடித்த கிதாபுகள் அப்போது நிறைய இருந்தன. ஏழு வயதில் அதில் ஒன்றைக் கையில் எடுத்தவள் பிறகு கீழே வைக்கவில்லை. சமையலும் வைத்தியமும் சொல்கிற கிதாபு, பெண்களுக்கு மார்க்கம் சொல்கிற கிதாபு, பாட்டாகப் பாடிய பெரிய கதைகள், எது கிடைத்தாலும் படிப்பேன். கல்யாணமாகிக் கால்வாய்ப் படகில் தண்டையார்பேட்டைக்கு வந்து இறங்கியபோது என் பெட்டியில் புடவை ஆறு, கிதாபு ஒன்பது. உன் வாப்பாவின் உம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னாடி இது, கல்யாணப் பொண்ணா ஓதிக் குடுக்கற லெப்பையா நீ என்று கேட்டார். அந்த ஒன்பதையும் இருபது வருஷம் திரும்பத் திரும்பப் படித்தேன். நாற்பத்து மூன்றாம் வருஷ வெள்ளம் உனக்கு நினைவிருக்கும், உனக்குப் பதினொரு வயது, கட்டிலின் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். அரிசி மூட்டையை வாப்பா தூக்கினார், உன்னை நான் தூக்கினேன், கிதாபுகளைத் தூக்க யாரும் மிச்சமில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஏழு கிதாபு களியாகிக் கிடந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தேன், பக்கம் பக்கமாக உதிர்ந்தது. வாப்பா திருவல்லிக்கேணி வரை போய்க் கடை கடையாகக் கேட்டார். இந்த எழுத்தில் இப்போது யாரும் அச்சடிப்பதில்லை, வாங்கிப் படிப்பவர்களும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மிஞ்சிய இரண்டும் மனப்பாடம். படிக்கத் தெரியும், புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. தெருவிலே சுவர், கடை, வண்டி எல்லாவற்றிலும் தமிழ் எழுதிக் கிடக்கிறது, நான் வாயால் பேசுகிற அதே தமிழ், ஆனால் எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

அப்புறம் நீ பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, நான் சமைக்கும்போது அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து பத்திரிகைக் கதைகளை உரக்கப் படிப்பாயே, அதிலேயே என் ஆசை அடங்கிவிட்டது. எனக்கும் எழுத்தைச் சொல்லிக் கொடு என்று உன்னிடம் ஏன் கேட்கவில்லை தெரியுமா. நானே படிக்கக் கற்றுக்கொண்டால் நீ படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவாய் என்று பயம். இதை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது, இப்போது காகிதத்தில் சொல்லிவிட்டேன். நீ கப்பலேறிய பிறகு வீட்டில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தமும் துறைமுகத்துச் சங்குச் சத்தமும்தான். வாப்பா காலையில் கப்பல் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார், களைத்து வருகிறவரிடம் என்ன பேசுவது.

நம் தெருமுனையில் மதார் சாகிபுக்கு ஒரு கட்டிடம் இருக்கிறதல்லவா, செக்குக்கு அடுத்தது, அதன் முன்னறையில் நீ போன மறு வருஷம் கிளை நூலகம் வைத்தார்கள். சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் புத்தகம். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் துப்பட்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே போவேன். போன மார்ச்சு மாதம் ஒரு நாள் என்ன தைரியம் வந்ததோ உள்ளே போய்விட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் கோதண்டம், நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆரத் தேடுறம்மா என்றார். யாரையும் தேடவில்லை, புத்தகம் வேண்டும் என்றேன். உறுப்பினர் ஆக வேண்டும் என்று ஒரு படிவத்தை வைத்து, பேரைக் கேட்டு அவரே எழுதிக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்பே மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைக் கேட்டு வாங்கி அரபு எழுத்தில் என் பெயரைப் போட்டேன். அவர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னாம்மா கோழி கெளறினா மாரி கீது, எய்தத் தெரிலன்னா ரேகை வையி, அதுல இன்னா தப்பு என்றார். பேப்பர் படிக்கிற ஒருவர் சிரித்தார். ஏழு வயதில் கிதாபைத் தொட்ட விரலைக் கொண்டுபோய் நான் மையில் அழுத்தவில்லை ஜெரினா. துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எதிர்வீட்டுச் சிலுவையம்மாளை மறந்திருக்க மாட்டாய், காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிறவள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து விடாமல் கேட்டாள், சொன்னேன். இவ்ளோதானா பாயம்மா, மூணாங் கிளாஸ் வரிக்கும் கன்னியாஸ்திரி கையில அடி வாங்கினவ நானு, இன்னும் மறக்கல, நான் சொல்லித் தாரேன் வா என்றாள். எதிலிருந்து தொடங்குவது என்று எனக்குத்தான் யோசனை வந்தது. பெட்டியில் பழைய ரேஷன் கார்டு கிடந்தது, அதில் நம் மூன்று பேர் பெயர்தான் எழுதியிருக்கிறது என்று தெரியும். மஜீது, ரஹீமுன்னிசா, ஜெரினா. அந்த மூன்று பெயரிலிருந்தே பன்னிரண்டு எழுத்தைப் பிடித்துவிட்டேன். உன் பெயரில் இருக்கிற ‘ரி’ எங்கே கண்டாலும் உன்னையே கண்ட மாதிரி இருக்கும், அரிசிக் கடைப் பலகையில் அதைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்றுவிட்டேன். மற்ற எழுத்துகளைச் சிலுவையம்மாள் தினமும் மீன் விற்று முடித்து வந்து அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிப் போடுவாள். என் கைக்கு வலது பக்கமிருந்து எழுதித்தான் பழக்கம், முதல் ஒரு மாதம் ‘மஜீது’ என்று எழுதச் சொன்னால் ‘துஜீம’ என்று எழுதி வைப்பேன். வாப்பா பார்த்துவிட்டு, யாரும்மா இந்த துஜீம, துருக்கிக்காரனா என்று கேட்டார், மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தமிழில் இன்னொரு சங்கடம், ‘ப’ ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு பல்லுக்கும் அதே, பம்பாய்க்கும் அதே. நம் கிதாபுகளில் சத்தத்துக்குச் சத்தம் புள்ளி மாறும். இது என்ன கஞ்சத்தனம் என்று கேட்டதற்குச் சிலுவையம்மாள், அதெல்லாம் கேட்டாதான் கன்னியாஸ்திரி அடிக்கும், வாயை மூடிகினு படி என்றாள்.

யாரும் சொல்லாமல் நானாகப் படித்த முதல் வரி எது தெரியுமா. செக்குச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது, இங்கே நோட்டீஸ் ஒட்டாதே என்று. அதற்குக் கீழே ஏழு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, ஏழையும் நின்று படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். சோறு குழைந்து போயிருந்தது. வாப்பாவிடம் காரணத்தைச் சொன்னேன், குழைந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, அந்த நோட்டீஸில் என்னென்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்டு மாதம் மறுபடி நூலகத்துக்குப் போனேன், இந்தத் தடவை வாப்பாவும் கூட வந்து வாசலில் நின்றுகொண்டார். கோதண்டம் படிவத்தை எடுத்தார், மைப்பெட்டிக்குக் கை போயிற்று. பேனா கொடுங்கள் என்றேன். ரஹீமுன்னிசா, மஜீது மனைவி என்று எழுத்து எழுத்தாக எழுதி முடித்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து, அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா, மனசுல வச்சிக்காத என்றார். பெரிய மனசு வேண்டும் அப்படிச் சொல்ல, பேப்பர் படிக்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் படிக்கிற படப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தடியாக ஒரு கதைப் புத்தகத்தைக் காட்டினேன். கப்பலில் போன ஒருவனும் கரையில் காத்திருந்தவளும், நானூறு பக்கம். படித்து முடிக்க இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று. இப்போது கணக்குச் சொல்லப் போவதில்லை, கண்ணூறு பட்டுவிடும்.

தீபாவளி சமயத்தில் கோதண்டம் ஒரு சேதி சொன்னார். பேப்பர் படிக்க வருகிறார்களே தவிரப் புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் இருபத்தைந்து பேர்தான், மேலிடத்திலிருந்து ரகுபதி என்ற அதிகாரி தை மாதம் வந்து பார்க்கப் போகிறார், இதே நிலைமை என்றால் கிளையை மூடிப் புத்தகங்களை வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்று. மதார் சாகிபும் அறையைக் காலி செய்து கொடுங்கள், எனக்கு மிளகாய் வற்றல் மூட்டை போட இடமில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வண்ணாரப்பேட்டை ஆண்களுக்குத் தூரமில்லை, நான் ரயில் கேட்டைத் தாண்டித் தனியாகப் போய் வர முடியுமா. இருபது வருஷம் படித்து, பத்து வருஷம் பட்டினி கிடந்து, இப்போதுதான் இலை போட்டிருக்கிறது, எடுத்துக்கொண்டு போகப் போகிறார்களா என்று கோதண்டத்திடமே கேட்டுவிட்டேன். பொம்பளைங்க வந்தா கணக்குல சேத்துப்பாங்களா என்று என்னோடு வந்திருந்த சிலுவையம்மாள் கேட்டாள். ஏன் சேர்க்க மாட்டார்கள், ஆள் ஆள்தானே என்றார் கோதண்டம். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை பெண்களுக்கு என்று ஒதுக்கிக் கொடுத்தார், பேப்பர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே செக்கு வாசலுக்குப் போனார்கள்.

ஆனால் வர வேண்டுமே. முதல் நாள் நாங்கள் இருவரும் இன்னும் ஒருத்தியும்தான். சிலுவையம்மாள் வீட்டு முற்றத்தில் தினமும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி இறால் உரிப்பார்கள், நான் என் கப்பல் கதையை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். நீ எனக்குப் படித்த மாதிரியே, நிறுத்தி, குரல் மாற்றி. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது உன்னிடம் நான் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று. நான்காம் நாள் கப்பல் பாறையில் மோதுகிற இடம் வந்தது, புத்தகத்தை மூடிவிட்டேன். அய்ய, அப்புறம் இன்னா ஆச்சு சொல்லிட்டுப் போம்மா, ராத்திரி தூக்கம் வராது என்று எல்லாரும் கத்தினார்கள். மிச்சத்தை நாளைக்கு நூலகத்தில் படிப்பேன், வேண்டுமென்றால் அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் பதினேழு பெண்கள், இறால் வாசனையோடு. கோதண்டம் ஜன்னல்களைத் திறந்து வைத்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியைத் தள்ளாதீர்கள், ஒரு வாரம் தாருங்கள், பெயரெழுதச் சொல்லித் தந்து கூட்டி வருகிறேன் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொருத்தியும் அவளவள் பெயரிலிருந்தே தொடங்கினாள். பெரிய பெயர் வைத்த தாய் தகப்பனைச் சிலர் திட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் உன் மாமியார் வந்தார். நீ பள்ளிக்கூட வேலைக்குப் போகலாமா என்று ஜாபர் அனுமதி கேட்டு எழுதிய கடிதம் அவருக்கு வந்திருந்தது, உம்மா வேண்டாமென்றால் வேண்டாம் என்று மருமகன் எழுதியிருந்தார் அல்லவா. அதோடு நான் மீன்காரிகளோடு பொது இடத்தில் உட்கார்ந்து கதை படிக்கிறேன் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கோபத்தையும் சேர்த்துக்கொண்டு டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ரிக்‌ஷாவில் நேரே நூலகத்து வாசலுக்கே வந்துவிட்டார். காத்தூன் பீவி குரல் உனக்குத் தெரியுமே. தாயி கடைத்தெருவுல குந்திகினு கதை படிக்கிறா, மவ சீமையில வாத்தியாரம்மா ஆவப் போறாளாம், என் வூட்டு மானம் இன்னா ஆவறது, எந்திரி சம்பந்தி, வா வூட்டுக்கு என்று நடுவாசலில் நின்று சத்தம் போட்டார். எழுந்தால் அன்றோடு முடிந்தது, எனக்கு மட்டுமல்ல, உனக்கும் சேர்த்து. எழவில்லை. இந்தப் பக்கம் முடியட்டும் சம்பந்தி, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, தலை நிமிராமல் விட்ட இடத்திலிருந்து படித்தேன். கப்பலில் போனவனிடமிருந்து ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை, அவன் தாய் தினமும் தபால்காரன் போகிற வழியில் வந்து நிற்கிறாள், அந்த இடம். படித்துக்கொண்டே இருக்கிறேன், சத்தம் நின்றுவிட்டது. பக்கம் முடிந்து நிமிர்ந்தால் உன் மாமியார் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். துப்பட்டியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பொம்பளைக்குக் கடுதாசி வந்துச்சா என்று கேட்டார். இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது என்றேன். படியேன், எதுக்கு நிறுத்தற என்றார்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் வந்தார். கதை கேட்க வந்தவர் எழுத்தையும் பிடித்துக்கொண்டார், அறுபது வயதில் அந்தப் பிடிவாதம் எனக்குக்கூட வராது. நாலு வருஷமாக ஜாபர் போடுகிற கடிதங்களைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர்தான் படித்துச் சொல்வாராம், வியாபாரத்துக்கு நடுவில். பொங்கல் கழிந்த வாரம் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தானாக ஒன்றைப் படிக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் படித்தார். உம்மா, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, வெறுங்காலோடு ஈரத்தில் நடக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. அடுத்த கடிதத்தைப் பிரித்தார், அதிலும் கடைசியில் முழங்கால். எல்லாக் கடிதத்திலும் இருந்தது. கடைக்காரர் அவசரத்தில் கடைசி வரியைப் படிக்காமலே, மத்தபடி சுகம் என்று சொல்லி மடித்துக் கொடுத்திருக்கிறார். எம் புள்ள என் காலைப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியேன்னு நாலு வருசமா மனசுல வச்சிகினு இருந்தேனே ரஹீமா என்று சொல்லிவிட்டு அவர் அழுததை நான் பார்த்தேன். ஜாபரிடம் இதைச் சொல். மெதுவாகச் சொல்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி அதிகாரி வந்தார். மதார் சாகிப் முன்கூட்டியே மிளகாய் வற்றல் மூட்டைகளை வண்டியில் ஏற்றி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், காரத்தில் அதிகாரி, கோதண்டம், நாங்கள் எல்லாரும் மாறி மாறித் தும்மினோம். ரகுபதி என்கிறவர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனுஷர். பதிவேட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். எண்பத்து மூன்று உறுப்பினர், அதில் ஐம்பத்தெட்டுப் பேர் பெண்கள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே இடத்துப் பெண்களாக இருக்கிறதே, கிளையைக் காப்பாற்ற வெறும் பெயரை எழுதி வைத்தீர்களா என்று கோதண்டத்தைக் கேட்டார். நான் பேச வாயெடுப்பதற்குள் அதிகாரி மேசையிலிருந்த ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்து, கைக்கு எட்டினவரிடம் நீட்டினார். அது உன் மாமியார். இதைக் கொஞ்சம் படியுங்கள் அம்மா என்றார். சிலுவையம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எழுத்துக் கற்று ஏழு வாரம்தான், அதுவும் நாங்கள் யாரும் படித்துக் காட்டாத புத்தகம். உன் மாமியார் புத்தகத்தைத் தூரமாக நீட்டிப் பிடித்தார். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வந்தது. மூன்றாம் வரியில் நீளமான ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டார். மதார் சாகிப் வண்டிக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார், மூட்டையை இறக்கு என்கிற மாதிரி. நான் மெல்ல எடுத்துக் கொடுக்கலாமா என்று முன்னால் சாய்ந்தேன், உன் மாமியார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, அந்த வார்த்தையை இரண்டாக உடைத்து, பிறகு ஒன்றாகச் சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு நிற்கவில்லை, பக்கம் முடிகிற வரை படித்தார், அதிகாரி போதும் அம்மா என்று இரண்டு தரம் சொன்ன பிறகும். புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, இப்ப நீங்க இன்னொரு ஆளக் கூப்ட்டுப் பாருங்க சார், எல்லாருக்கும் தெரியும் என்றார்.

அவர் இன்னொருவரைக் கூப்பிடவில்லை. பேனாவைத் திறந்து பதிவேட்டிலேயே எழுதினார். கிளை இங்கேயே இருக்கும், மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை பெண்களுக்கான நேரம் என்று பலகை எழுதி மாட்ட வேண்டும், இன்னும் ஓர் அலமாரி அனுப்பப்படும். எழுதினதை உரக்கப் படிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். நான் படித்தேன் ஜெரினா, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வெளியே இறால்காரிகள் குலவை போட்டார்கள். மதார் சாகிப் நம் ஆள்தான், கெட்டவரில்லை, மூட்டைக்கு வேற இடம் பாத்துக்கறேன் என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். உன் வாப்பாவுக்குத் துறைமுகத்துக்கே ஆள் அனுப்பிச் சேதி சொன்னோம், அவர் வரும்போது அரை ராத்தல் அல்வாவோடு வந்தார்.

உன் மாமியாரை ரிக்‌ஷாவில் ஏற்றிவிடப் போனபோதுதான் அவர் சொன்னார். ஜெரினாவுக்கு எய்து, அந்தப் பள்ளிக்கூடத்து வேலைய வுட வேணாம்னு எய்து, நான் சொன்னேன்னு எய்து என்றார். ரிக்‌ஷா நாலடி போனதும் நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்து, வேணாம், நீ எய்தாத, நானே எய்தறேன் என்றார். எழுதி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. நேற்றுத்தான் கொண்டுவந்து கொடுத்தார், நான்காக மடித்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார், நான் படித்துவிடக் கூடாதாம். இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஆகையால் மகளே, நாளைக்கே போய்த் தலைமையாசிரியரைப் பார். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போ, சாயம் போன நீலத்தைக் கட்டாதே. குழந்தைகளுக்குச் சொல்லித் தரும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலிருந்தும் தொடங்கிப் பார், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தொண்டை கட்டாமல் இருக்க வெந்நீர் குடி. சம்பளம் வந்தால் முதலில் உனக்கென்று ஒரு புத்தகம் வாங்கு, வெங்காயம் மடித்த தாளை இனி அடுப்புக்குப் போடு. நீ போன நாளிலிருந்து உன்னைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்பிவிட்டோமே என்று வாப்பா ஒவ்வொரு பெருநாளிலும் வருந்துவார், இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் என் மகள் பினாங்கில் ஆசிரியை என்று நீ சேருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருக்கிறார், அவரைப் பொய்யராக்கிவிடாதே. அல்லாஹ் உன் நாவில் தெளிவையும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல நினைவையும், உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் தரட்டும்.

ஒன்று மறக்க வேண்டாம். பதிலை முதலில் உன் மாமியாருக்கு எழுது. ஜாபரும் எழுதட்டும், நீயும் எழுது. எழுத்தைப் பெரிதாகப் போட்டு, வார்த்தைக்கு வார்த்தை தாராளமாக இடம் விட்டு எழுதுங்கள், யாரிடமும் கேட்காமல் அவரே படிப்பார். எனக்கு அடுத்த கப்பலில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துப் பெருமைப்படும் உம்மா,
ம. ரஹீமுன்னிசா